ரிங்லெட் குளிருக்கு மோட்டாரில் சூடேறும் கைப்பிடி: வயரிங் முழுமையான வழிகாட்டி

மலைக்குக் கீழே தாப்பாவிலும் பீடோரிலும் இருக்கும் சொந்தக்காரர்களிடம் என் மோட்டார் சைக்கிளில் சூடேறும் கைப்பிடி போட்டிருக்கிறேன் என்று சொன்னால், "மலேசியாவில அது எதுக்குடா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். டிசம்பர் மாதம் விடியற்காலை ஐந்தரை மணிக்கு, மழையில், கேமரன் மலையில் ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா வரைக்கும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் அந்தக் கேள்வி வராது. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவில் 15, 16 டிகிரி இங்கே சாதாரணம். 1978 பிப்ரவரி 1-ஆம் தேதி இங்கே 7.8 டிகிரி பதிவானது. நாட்டின் வானிலை நிலையங்களில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை அதுதான்.

நடந்து போகிறவனுக்கு 15 டிகிரி பெரிய குளிர் இல்லை. நனைந்த கையுறையோடு அறுபதில் ஓட்டுகிறவனுக்கு அது வேறு. ஈரம் காற்றில் ஆவியாகும்போது கையிலிருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். உடம்பு தன் சூட்டைக் காப்பாற்ற விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். பத்து நிமிடத்தில் விரல் மரத்துவிடும். தேயிலைத் தோட்டத்தில் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் கூட்டத்துக்கு) போன காலத்தில் என் அப்பா இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு மோட்டார் ஓட்டுவார். காற்றும் ஈரமும் உள்ளே வராமல் இருக்க அவருக்குத் தெரிந்த வழி அது.

மரத்துப்போன விரலால் முன் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது நமக்கே தெரியாது. தாப்பா இறக்கத்தில், முன்னால் காய்கறி லோரி, ரோடெல்லாம் ஈரம், அந்த நேரத்தில் இரண்டு விரலும் மரக்கட்டை மாதிரி இருந்தால் என்ன ஆகும் என்று இந்த 59-ஆம் எண் சாலையில் ஓட்டும் எல்லாருக்கும் தெரியும். நான் இதைப் போட்டதற்கு அதுதான் காரணம்.

முதல் தடவை நானாகப் போடவில்லை, ஒரு மோட்டார் கடையில் கொடுத்தேன். வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது, கைக்குச் சூடும் நன்றாகவே வந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் சுல்தான் அபூ பாக்கார் ஏரி ஓரமாக மூடுபனியில் வந்துகொண்டிருந்தபோது ஹெட்லைட், மீட்டர் எல்லாம் ஒரே நொடியில் அணைந்து, இன்ஜினும் நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால், கைப்பிடியின் வயரை ஹெட்லைட் வயரிலேயே முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். தனி ஃபியூஸ் கிடையாது. டேப்புக்குள் மழைநீர் போய், முறுக்கு அவிழ்ந்து, கம்பி சட்டத்தில் பட்டு, மோட்டாரின் மெயின் ஃபியூஸ் போயிருந்தது. அன்றைக்கு எதிரே லோரி எதுவும் வரவில்லை. அதற்குப் பிறகு இந்த வேலையை முழுசாகக் கற்றுக்கொண்டு, எல்லாவற்றையும் பிரித்து நானே செய்தேன். நான் செய்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன்னால்: மோட்டார் தாங்குமா?

பெட்டியைப் பிரித்த பிறகு பார்க்கிற விஷயம் இல்லை இது. ஒரு ஜோடி சூடேறும் கைப்பிடி பெரும்பாலும் 30 முதல் 50 வாட் வரை இழுக்கும். 40 வாட் என்று வைத்துக்கொண்டால், 13.5 வோல்ட்டில் சுமார் 3 ஆம்பியர். பெரிய மோட்டாருக்கு அது ஒன்றுமில்லை. நம்முடைய கப்சாய்க்கு (சின்ன இன்ஜின் மோட்டாருக்கு) அது இரண்டாவது ஹெட்லைட் போட்ட மாதிரி. முதல் ஹெட்லைட்டை அணைத்து ஈடுகட்டவும் முடியாது. மோட்டார் ஓடும்போது பகலிலும் விளக்கு எரிய வேண்டும் என்பது 1992 முதல் இங்கே சட்டம்.

மோட்டாரில் மின்சாரம் ஸ்டேட்டர் காயிலில் உற்பத்தியாகிறது. ரெகுலேட்டர் ரெக்டிஃபயர் அதை டிசியாக (ஒரே திசையில் ஓடும் மின்சாரமாக) மாற்றி பேட்டரிக்கு அனுப்புகிறது. பழைய கார்புரேட்டர் கப்சாய் பலவற்றில் ஹெட்லைட் ஸ்டேட்டரிலிருந்தே நேராக ஏசியில் (திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தில்) எரியும். பேட்டரிக்குப் பாதி அலை மட்டும்தான் போகும். அப்படிப்பட்ட மோட்டாரில் கைப்பிடியைப் பேட்டரியில் கொடுத்தால் பேட்டரி மெதுவாக வற்றிக்கொண்டே போகும். உங்கள் மோட்டார் அந்த வகைதானா என்று பார்ப்பது சுலபம். இன்ஜினை ஐடிலில் விடுங்கள், பிறகு ஆக்சிலேட்டரை முறுக்குங்கள். ஹெட்லைட் வெளிச்சம் இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கினால் அநேகமாக அந்த வகைதான். அதை முழு அலைக்கு மாற்றலாம். ஆனால் இன்ஜின் பக்கக் கவரைத் திறந்து ஸ்டேட்டரில் கை வைக்க வேண்டும், ரெகுலேட்டரையும் மாற்ற வேண்டும். தெரிந்தவரிடம் கொடுப்பதுதான் சரி.

மற்ற மோட்டார்களுக்கு, காசு செலவழிப்பதற்கு முன்னால் நான் எல்லாரிடமும் சொல்லும் சோதனை ஒன்று இருக்கிறது. பழைய 35 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மோட்டார் கடையிலும் கழற்றிப் போட்டது கிடக்கும், ஒரு ஃபிலமெண்ட் நன்றாக இருந்தால் போதும். அதற்கு இரண்டு வயர் கட்டி, நடுவில் 5 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, பேட்டரியின் இரண்டு முனையிலும் கொடுங்கள். இந்தப் பல்பு இழுக்கும் கரண்டும் கைப்பிடி இழுக்கப்போகும் கரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பல்பு கொதிக்கும், பிளாஸ்டிக் கவரில் படாமல் தள்ளி வையுங்கள்.

மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்துப் படியுங்கள். இன்ஜின் ஓடாதபோது, பல்பும் இல்லாமல், நல்ல பேட்டரி 12.6க்கு மேல் காட்டும். இன்ஜினை ஓட்டி, ஹெட்லைட்டை ஹைபீமில் போட்டு, பின் பிரேக்கையும் அழுத்திக்கொண்டு 4,000 ஆர்பிஎம் அளவில் வைத்தால் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். இப்போது பல்பைக் கொடுங்கள். 13.4, 13.5-இல் நின்றால் கவலையில்லை. 13க்குக் கீழே போய், இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தால் அந்த மோட்டார் இதைத் தாங்காது. ஹெட்லைட், பிரேக் லைட் பல்புகளை எல்இடிக்கு மாற்றிவிட்டு மறுபடியும் சோதித்துப் பாருங்கள், அல்லது நல்ல கையுறையும் கை மறைப்பும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐடிலில் எண் குறைவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எல்லாச் சின்ன மோட்டாரிலும் குறையும். ஆனால் எவ்வளவு குறைகிறது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங் ஜாமில் மாட்டும்போது அந்த எண் உதவும்.

கைப்பிடியைத் தேர்ந்தெடுப்பது

இரண்டு வகை இருக்கிறது. கைப்பிடியே முழுசாக வருவது ஒன்று. இருக்கிற கைப்பிடிக்கு அடியில் சுற்றும் மெல்லிய சூட்டுத் தகடு இன்னொன்று. தகடு மலிவுதான், ஆனால் ஆக்சிலேட்டர் பக்கத்தில் அதை மடிப்பு விழாமல் ஒட்டுவது கடினம், கைப்பிடியும் தடித்துவிடும். முழுக் கைப்பிடி வாங்குங்கள். ஹேண்டில் குழாய் 22 மில்லிமீட்டர் அளவு என்று பெட்டியில் போட்டிருக்கிறதா, நீளம் பழைய கைப்பிடியின் நீளம்தானா என்று அளந்து பாருங்கள்.

சுவிட்சிலும் இரண்டு விதம். மலிவான செட்டில் மூன்று நிலை சுவிட்ச் மட்டும் இருக்கும். விலை கூடியவற்றில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். அது கரண்டை வேகமாக விட்டு விட்டு அனுப்பிச் சூட்டைக் கட்டுப்படுத்தும். சிலவற்றில் பேட்டரி வோல்ட் இறங்கினால் தானே அணைந்துகொள்ளும் வசதியும் உண்டு. கப்சாய்க்கு அந்த வசதி இருப்பதையே வாங்குங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் இன்ஜின் ஓடாமல் 3 ஆம்பியர் இழுத்தால் 50 நிமிடத்தில் பாதி காலியாகிவிடும். தோட்டத்துப் பாதையில், கிக்கர் இல்லாத மோட்டாரில் அது நடந்தால் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும்.

செட் கைக்கு வந்ததும், மாட்டுவதற்கு முன்னால், இரண்டு கைப்பிடியின் ஓமையும் (மின்தடையையும்) மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள். ஒவ்வொன்றும் 12 வோல்ட்டில் 20 வாட் என்றால் 7.2 ஓம் வர வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று 7, இன்னொன்று 11 காட்டினால் திருப்பி அனுப்புங்கள். பசை போட்டு ஒட்டிய பிறகு கடைக்காரர் வாங்க மாட்டார். மூன்று நிலை சுவிட்சின் இரகசியமும் இந்த ஓம் கணக்கில்தான் இருக்கிறது. சில செட்டில் ஹையில் இரண்டு கைப்பிடியும் பக்க இணைப்பில் இருக்கும், மொத்தம் 40 வாட். லோவில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்புக்கு மாறும், ஓம் 14.4 ஆகிவிடும், மொத்தம் 10 வாட்தான். லோவில் சூடே தெரியவில்லை என்று பலர் சொல்வதற்குக் காரணம் அது. கைப்பிடி கெட்டுப்போகவில்லை.

கரண்ட் எங்கிருந்து எடுப்பது

பேட்டரியிலிருந்து நேராக எடுங்கள், நடுவில் ஃபியூஸும் ரிலேயும் வையுங்கள். ரிலே என்பது சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச். ஹெட்லைட்டிலிருந்தோ ஹாரனிலிருந்தோ கைப்பிடிக்கு வேண்டிய கரண்ட் முழுவதையும் எடுக்காதீர்கள். அந்த வயர்கள் அதனதன் வேலைக்கு அளவெடுத்துப் போட்டவை.

நான்கு கால் ரிலேயில் 30, 87, 85, 86 என்று எழுதியிருக்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து வரும் வயர் ஃபியூஸ் வழியாக 30-க்கு. 87-லிருந்து கைப்பிடியின் பாசிட்டிவுக்கு. 85 நெகட்டிவுக்கு. 86-க்கு, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒரு வயரிலிருந்து சின்ன இணைப்பு. ரிலே காயில் சுமார் 0.15 ஆம்பியர்தான் இழுக்கும், அதனால் இந்த ஓர் இணைப்பை மட்டும் டெயில் லைட் வயரிலிருந்து எடுக்கலாம். சாவியை எடுத்தால் கைப்பிடியும் அணைந்துவிடும். உள்ளே டையோடு (ஒரே திசையில் மட்டும் கரண்டை விடும் பாகம்) இருக்கும் ரிலே என்றால் 86 பாசிட்டிவ்தான், மாற்றிக் கொடுக்கக் கூடாது. கைப்பிடியின் நெகட்டிவைச் சட்டத்தில் எங்கோ ஒரு ஸ்க்ரூவில் மாட்டாமல் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டு வாருங்கள். இந்த ஈரத்தில் சட்டத்து ஸ்க்ரூ துருப்பிடிக்கும்.

தானே அணையும் வசதி உள்ள செட்டுக்கு, அதன் பெட்டியில் பேட்டரியில் நேராகக் கொடு என்று போட்டிருந்தால் அப்படியே செய்யுங்கள், ரிலே வேண்டாம். அது பேட்டரி வோல்ட்டைச் சரியாகப் படிக்க வேண்டும்.

ஃபியூஸ் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அந்த ஒரு சாண் வயர்தான் பாதுகாப்பில்லாத வயர், அது எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. 3 ஆம்பியர் இழுக்கும் செட்டுக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ், 4 ஆம்பியருக்கு 7.5. ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால் 15 போட்டு அடக்காதீர்கள், எங்கே ஷார்ட் ஆகிறது என்று தேடுங்கள்.

வயரின் தடிமன் 0.75 அல்லது 1 சதுர மில்லிமீட்டர். பேட்டரியிலிருந்து ஹேண்டில் வரை போய்வர 3 மீட்டர் என்றால், 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 4 ஆம்பியருக்கு 0.2 வோல்ட்தான் வீணாகும். 0.5 வயரில் 0.4க்கு மேல் போகும்.

வயர் நிறத்தில் இங்கே பலர் ஏமாறுகிறார்கள். ஹோண்டாவில் கறுப்பு வயர் என்றால் சாவி போட்டதும் பாசிட்டிவ் வரும் வயர், பச்சைதான் நெகட்டிவ். யமஹாவில் கறுப்புதான் நெகட்டிவ், சாவி போட்டதும் வரும் பாசிட்டிவ் பழுப்பு நிறம். அண்ணன் தம்பி இரண்டு பேரிடம் இந்த இரண்டு மோட்டாரும் இருக்கும் வீடு இங்கே நிறைய. அண்ணன் மோட்டாரில் பார்த்த மாதிரியே தம்பி மோட்டாரில் கறுப்பை எடுத்தால் நேரே ஷார்ட்தான். நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரை வைத்து, சாவி போட்டும் எடுத்தும் பாருங்கள். பழைய மோட்டாரில் யாராவது வயர் மாற்றியும் இருப்பார்கள்.

மாட்டும் வேலை

முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். கடைசியில் மாட்டுவதும் அதைத்தான்.

பழைய கைப்பிடியைக் கழற்ற, ஓரத்தில் மெல்லிய குச்சி விட்டுக் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் ஊற்றி முறுக்கினால் வந்துவிடும். ஒட்டியிருந்தால் கத்தியால் கீறி எடுங்கள். இடப்பக்கம் இரும்புக் குழாய், பயமில்லை. வலப்பக்கம் இருப்பது பிளாஸ்டிக் திராட்டில் குழாய் (ஆக்சிலேட்டரோடு சேர்ந்து சுற்றும் குழாய்), கத்தி ஆழமாகப் போனால் குழாயே கெட்டுவிடும்.

அந்தத் திராட்டில் குழாயின் மேல் பெரும்பாலும் மேடான கோடுகள் இருக்கும். சூடேறும் கைப்பிடியின் உட்புறம் வழுவழுப்பாக இருப்பதால் அந்த மேடுகளோடு அது ஏறாது. அரத்தால் தேய்த்துச் சமமாக்குங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, கைப்பிடியை மாட்டிப் பார்த்து, மறுபடியும் தேய்க்க வேண்டும். எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. கைப்பிடி ஏறவில்லை என்று சுத்தியலால் தட்டாதீர்கள், உள்ளே சூட்டுக் கம்பி அறுந்துவிடும்.

பசை போடுவதற்கு முன்னால் உலர்ந்த கைப்பிடியை மாட்டி, வயர் வெளியே வரும் திசையை முடிவு செய்யுங்கள். இந்த வேலையிலேயே உயிருக்கு ஆபத்தான இடம் இதுதான். வலது கைப்பிடி ஒவ்வொரு முறை முறுக்கும்போதும் வயரையும் சேர்த்துச் சுற்றும். வயர் பிரேக் மாஸ்டரிலோ (ஹேண்டிலில் உள்ள பிரேக் ஆயில் பெட்டி) சுவிட்ச் பெட்டியிலோ தட்டினால், விட்ட ஆக்சிலேட்டர் திரும்பி வராது. முழுசாக மூடியும் முழுசாக முறுக்கியும் பாருங்கள், இரண்டு நிலையிலும் வயர் எதிலும் படக்கூடாது, இழுபடவும் கூடாது. பிறகு ஹேண்டிலை இடக்கோடி வரை திருப்பி ஆக்சிலேட்டரை முறுக்கி விடுங்கள், வலக்கோடியிலும் செய்யுங்கள். டக்கென்று தானே மூடிக்கொள்ள வேண்டும். கைப்பிடிக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் நடுவில், கைப்பிடிக்கும் ஹேண்டில் முனைக் குண்டுக்கும் நடுவில் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். சரியான நிலை கிடைத்ததும் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் பசை. செட்டோடு வரும் பசை வேகமாக இறுகிவிடும், திருத்த நேரம் இருக்காது. குழாயை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, மெல்லியதாகப் பூசி, ஒரே தள்ளில் கோடு வரைக்கும் கொண்டு போய்விடுங்கள். வலப்பக்கம் பசை வழிந்து குழாய்க்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் போனால் ஆக்சிலேட்டரே ஒட்டிக்கொள்ளும். அதனால் நான் திராட்டில் குழாயைக் கழற்றித் தனியாக வைத்து ஒட்டினேன். பாதுகாப்பான வழி அதுதான்.

வயரைக் கொண்டு போவதும் இணைப்பதும்

முன் கவரைக் கழற்றினால் மோட்டாரின் சொந்த வயர்க் கட்டு ஹேண்டில் கழுத்தைச் சுற்றிப் போவது தெரியும். அதன் கூடவே கொண்டு போங்கள். கழுத்துப் பக்கத்தில் தளர்வாக ஒரு வளையம் விட்டு, வளையத்துக்கு இரண்டு பக்கமும் கேபிள் டை போடுங்கள். ஹேண்டில் திரும்பும்போது முட்டி நிற்கும் இடத்தில் வயர் நசுங்குகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இன்ஜினையும் எக்ஸாஸ்டையும் விட்டுத் தள்ளிப் போகட்டும்.

இணைப்புகளுக்கு, வயரை நசுக்கிப் பிடிக்கும் கிரிம்ப் முனைகளும், சூடு பட்டால் சுருங்கி இறுகும், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயும் போடுங்கள். ஈயம் பற்ற வைத்தால் உறுதி என்று நானும் நினைத்திருந்தேன். அசையும் வயரில் ஈயம் ஊறிய இடம் கம்பி மாதிரி விறைத்துவிடும், அது முடியும் இடத்தில் அதிர்வில் ஒடியும். வயரைக் கடித்துப் பிடிக்கும் நீலக் கிளிப்பும் வேண்டாம். அது இழைகளை அறுக்கும், அந்தக் காயத்தில் தண்ணீர் போகும். சாக்கெட்டுகளில் ஈரம் புகாமல் தடுக்கும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் தடவி, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டுங்கள். கேமரன் மலையில் மழை மட்டுமில்லை, பனிமூட்டமும் எல்லா இடுக்கிலும் நுழையும்.

சுவிட்சை இடப்பக்கம் மாட்டுங்கள், கட்டை விரலுக்கு எட்டும் இடத்தில். வலது கை பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் பார்த்துக்கொள்ளட்டும்.

சோதனை

கவரை மூடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் பாருங்கள். பேட்டரி நெகட்டிவை மாட்டி, சாவி போடாமல் சுவிட்சைத் தட்டினால் கைப்பிடி சூடாகக்கூடாது. நேராகப் பேட்டரியில் கொடுத்தவர்களுக்கு இது பொருந்தாது. இன்ஜினை ஓட்டி ஹையில் வையுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் இரண்டு கைப்பிடியும் ஒரே மாதிரி சுட வேண்டும். பல்பு சோதனையில் எழுதி வைத்த வோல்ட்டோடு இப்போது வருவதை ஒப்பிடுங்கள். ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி, கொதித்தால் அந்த இணைப்பு தளர்வாக இருக்கிறது. ஹேண்டிலை இரண்டு கோடிக்கும் திருப்பி ஆக்சிலேட்டரைக் கடைசியாக ஒருமுறை சோதித்துவிட்டுக் கவரை மூடுங்கள்.

ஓட்டும்போது, கிளம்பியதும் ஐந்து நிமிடம் ஹை, பிறகு நடு நிலை, அதுவே எனக்குப் போதுகிறது. உள்ளங்கைதான் சூடாகும், புறங்கையில் காற்று அடித்துக்கொண்டேதான் இருக்கும். கை மறைப்பு ஒன்று சேர்த்துப் போட்டால் லோவே போதும் என்று ஆகிவிடும். உள்ளங்கைப் பக்கம் மெல்லியதாக உள்ள கையுறை போடுங்கள், தடித்த பஞ்சு வைத்தது சூட்டைக் கைக்கு விடாது. தாப்பா இறக்கத்தில் கியர் பிடித்து இறங்கும்போது ஆர்பிஎம் கூடவே இருப்பதால் சார்ஜ் குறையாது, தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். பிரிஞ்சாங் ஜாமில் நின்றுகொண்டிருக்கும்போது லோவுக்கு இறக்குங்கள், அல்லது அணைத்துவிடுங்கள்.

முதல் பெரிய மழைக்கு அடுத்த நாள் கவரைத் திறந்து இணைப்புகளில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு தடவை போதும். நான் அக்டோபர் மழை பிடிப்பதற்கு முன்னால் திறந்து, சாக்கெட்டில் கிரீஸைப் புதுசாகத் தடவி, ஆக்சிலேட்டர் பக்க வயரில் வெடிப்பு விழுந்திருக்கிறதா என்று வளைத்துப் பார்ப்பேன். மாற்று ஃபியூஸ் இரண்டு, ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, சீட்டுக்கு அடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.